கைத்தடியில் சென்சர் பூட்டுவதற்கு முன்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு விழிப்புலனற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடி ஒன்றோ, சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை ஒன்றோ செய்ய யோசிக்கிறேன். மனித-கணினி இடைவினையில் அணுகல், உதவித் தொழில்நுட்பம் என்ற பிரிவில் ஆய்வாளர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? இங்கே இருந்துகொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?"

செய்ய முடியும். ஆனால் கையுறையை இப்போதே விட்டுவிடுங்கள். கைத்தடியையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உற்சாகத்தைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. இந்தத் துறையில் சில வருடம் கிடந்து உழன்றவன் நான். இந்த இரண்டும் எங்கே போய் முட்டும் என்று பார்த்திருக்கிறேன்.

முதலில் கையுறை. உலகம் முழுவதும் மாணவர்களுக்கு இது ஒரு தீராத ஆசை. 2016இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் செய்த சைகைக் கையுறைக்கு 10,000 டொலர் பரிசும் பத்திரிகைகளில் பெரிய வரவேற்பும் கிடைத்தன. செவிப்புலனற்றோரும் சைகை மொழி தெரிந்த மொழியியலாளரும் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். சைகை மொழியில் விரல் ஒரு பகுதிதான். புருவம், வாய், தோள், பார்வை போகும் திசை எல்லாமே அதன் இலக்கணம். அமெரிக்கச் சைகை மொழியில் புருவத்தை உயர்த்தினால் அது ஆம்-இல்லைக் கேள்வி. உயர்த்தாவிட்டால் அதே கைச்சைகை வெறும் கூற்று. கையுறைக்குப் புருவம் தெரியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கையுறையைப் போட்டுச் சுமப்பவர் செவிப்புலனற்றவர், வசதி கிடைப்பது காது கேட்பவருக்கு. எதிரே இருப்பவர் சொல்லும் பதிலை அவருக்குக் கொண்டுபோக அந்தக் கையுறையில் எதுவும் இல்லை.

கைத்தடி கொஞ்சம் மரியாதையான கதை. வெள்ளைக் கைத்தடி முழங்காலுக்குக் கீழே உள்ளதைத்தான் தட்டிக் காட்டும். தாழ்ந்து கிடக்கும் மாங்கொப்பு, வெளிப்பக்கம் திறந்த யன்னல் கதவு, நிறுத்தி வைத்த லொறியின் பின்தட்டு எல்லாம் நேரே முகத்தில் அடிக்கும். டெல்லி ஐஐடியில் பேராசிரியர் பாலகிருஷ்ணனின் குழு இதற்குத்தான் மீயொலியால் உணரும் ஸ்மார்ட்கேன் என்ற கருவியைச் செய்தது. மாணவர் செயற்திட்டமாகத் தொடங்கிய வேலை அது. கடைசியில் பொருளாகக் கைக்கு வந்தது 2014இல். இடையில் போன வருடங்களெல்லாம் பிடி எப்படி இருக்க வேண்டும், அதிர்வு எத்தனை வகையாக இருக்க வேண்டும், கீழே விழுந்தால் உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று பயனர்களோடு மல்லுக்கட்டிய வருடங்கள். நான்கு மாதத்தில், மலிவான சென்சரை ஒரு தடியில் ரேப் சுற்றி ஒட்டி நீங்கள் அதைத் தாண்டிப் போகமாட்டீர்கள். நானும் போகமாட்டேன்.

இன்னொன்று. எங்கள் ஊர் ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள். ஆறடி அகலம், இரண்டு பக்கமும் வேலி. சென்சர் விடாமல் அதிரும். எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அண்ணை இருக்கிறார், பிறவியிலேயே பார்வை இல்லை. ஒருமுறை இப்படியான கருவி ஒன்றை அவரிடம் கொடுத்துப் பார்த்தோம். படலையைத் தாண்டி இருபது அடி போயிருக்கமாட்டார், பொத்தானைத் தேடி நிறுத்திவிட்டு வெறும் தடியாகத் தட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கேட்டேன். "கிடுகு வேலி சத்தத்தைக் குடிச்சுப்போடும் தம்பி. தகர வேலி வந்த பிறகு எனக்கு நடக்க லேசு. செருப்புச் சத்தம் திரும்பி வரும். அது நிண்டா படலை திறந்து கிடக்கெண்டு அர்த்தம்" என்றார். நாங்கள் விற்கப் போன தகவல் அவருடைய செருப்பிலேயே இருந்தது. அவர் தன்பாட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று ஒரு நாள் கூட நடந்து பார்க்காமல் நாங்கள் கருவியைச் செய்திருந்தோம்.

ஆய்வாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்ற உங்கள் கேள்விக்கு இந்த இடத்திலிருந்து பதில் சொல்லலாம். கூட நடந்து பார்ப்பது அவருடைய வேலையில் பெரும்பகுதி. பிறகு ஒன்றைச் செய்வார், பிறகு அளப்பார். அளந்ததில் தனக்குச் சாதகமில்லாததும் வந்தால் அதையும் சேர்த்து எழுதுவார்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. 2007, 2008 வாக்கில் தொடுதிரைத் தொலைபேசிகள் வரத் தொடங்கியபோது விழிப்புலனற்றோரிடையே பெரிய பயம் இருந்தது. பொத்தான் உள்ள போனைத் தடவித் தெரிந்துகொள்ளலாம். வழுவழுப்பான கண்ணாடியில் எதைத் தடவுவது? ஷோன் கேன், ஜெஃப்ரி பிகம், ஜேக்கப் வொப்ராக் என்ற மூவர் 2008இல் ஸ்லைட் ரூல் என்ற ஒரு முறையை வெளியிட்டார்கள். திரையில் விரலை இழுத்துக்கொண்டு போனால் விரலின் கீழ் வருவதைக் குரல் சொல்லும். வேண்டியது வந்ததும் இன்னொரு விரலால் தட்டினால் அது திறக்கும். விழிப்புலனற்ற பத்துப் பேரைக் கொண்டு, பொத்தான் உள்ள கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஸ்லைட் ரூல் வேகமாக இருந்தது. ஆனால் அதில் பிழைகள் கூட. அப்படியிருந்தும் பத்தில் ஏழு பேர் அதையே விரும்பினார்கள். இந்த மூன்று முடிவையும் ஒன்றாக வைத்துக் கொஞ்சம் யோசியுங்கள். பிழை கூடினாலும் ஒருவர் அதை விரும்புகிறார் என்றால், அவருக்கு அதில் கிடைக்கும் ஏதோ ஒன்று நமது அளவுகோலுக்குள் வரவில்லை. அடுத்த ஆண்டு, 2009இல், ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானோடு, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளோடு, வந்தது. அதிலும் விரலை இழுத்துக் கேட்பதுதான் அடிப்படை. இன்று அண்ட்ராய்டில் உள்ள டாக்பேக்கும் அதே வழிதான்.

பயனரே ஆய்வாளராக இருந்தால் வேலை எவ்வளவு கூர்மையாகும் என்பதற்கு ஜப்பானின் சியேகோ அசகாவா. சிறுவயதில் நீச்சல் குளத்தில் அடிபட்டு, 14 வயதில் பார்வையை முழுதாக இழந்தவர். ஐபிஎம் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய ஹோம் பேஜ் ரீடர் 1997இல் வந்தது. இணையப் பக்கத்தை வாசிக்கும்போது சாதாரண எழுத்தை ஆண் குரலும் இணைப்புகளைப் பெண் குரலும் சொல்லும். "இணைப்பு, இணைப்பு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி நேரத்தைத் தின்னாமல் குரலின் நிறத்திலேயே அதைச் சொல்லிவிடுகிற யோசனை. தினமும் காதால் வாசிக்கிறவருக்குத்தான் இது தோன்றும். எங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானும் அப்படித்தான் பிறந்தது. அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் 2006இல் அதை எழுதத் தொடங்கினார், ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். இருவரும் விழிப்புலனற்றவர்கள். அந்தக் காலத்தில் இருந்த நல்ல திரைவாசிப்பான் ஒன்றின் விலை ஆயிரம் டொலரைத் தொடும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது இங்கே யாராவது அதை வாங்க நினைத்துப் பார்க்க முடியுமா? என்விடிஏ இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளில் பலர் கணினிப் பக்கமே வந்திருக்கமாட்டார்கள்.

இந்தத் துறையில் ஒரு பழைய ஆய்வு உண்டு, எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது. 1993இல் ஃபிலிப்ஸ், ஜாவோ என்ற இருவர் 227 பேரிடம் அவர்களுடைய உதவிக் கருவிகளைப் பற்றி விசாரித்தார்கள். கருவிகளில் 29.3 வீதம் முற்றாகக் கைவிடப்பட்டிருந்தன. கைவிடுவதோடு தொடர்புள்ள காரணங்களாக அவர்கள் கண்டவை நான்கு: தெரிவு செய்யும்போது பயனரின் கருத்தைக் கேட்காதது, கருவி சரியாக வேலை செய்யாதது, பயனரின் தேவை மாறிவிட்டது. நான்காவதுதான் வியப்பு: கருவி சுலபமாகக் கிடைத்தது. சுலபமாகக் கிடைத்ததை ஏன் கைவிட வேண்டும்? வன்னியிலும் வடமராட்சி கிழக்கிலும் யுத்தத்துக்குப் பிறகு நிவாரணமாகக் கொடுத்த சக்கர நாற்காலிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைத்தியசாலைத் தரையில் உருளுவதற்காகச் செய்த நாற்காலி அது, முன்சக்கரம் உள்ளங்கை அளவு. மணற்காட்டுப் பக்கம் கொண்டுபோய் இறக்கினால் முதல் தள்ளிலேயே முன்சக்கரம் புதைந்துவிடும். அங்கே நான் பார்த்த நாற்காலி ஒன்றில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குரியவர் கையால் சுற்றும் மூன்று சக்கரச் சைக்கிளில் சந்தைக்குப் போயிருந்தார். அளவெடுத்துப் பொருத்துவது, பழுதானால் திருத்துவது, வளர்ந்தால் மாற்றுவது எல்லாம் சேர்ந்துதான் உதவித் தொழில்நுட்பம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் செய்பவர்களிடம் ஒரு பகல் போய் இருந்து பாருங்கள், விளங்கும். கால் ஒருமுறை கொடுத்து முடிவதில்லை. அது தேயும், ஆளின் மிஞ்சிய காலின் தண்டு மெலியும், திரும்ப வருவார்கள்.

சரி, யாழ்ப்பாணத்தில் என்ன செய்யலாம்? என் பதில் உங்களுக்குச் சப்பென்று இருக்கலாம். எழுத்தில் வேலை செய்யுங்கள். தமிழ் எழுத்து கணினிக்குள் போய்க் குரலாக வெளியே வரும் வழி முழுக்கப் பள்ளமும் திட்டியும்.

ஒரு மாஸ்ரரைச் சொல்லுகிறேன். ஓய்வு பெற்றவர், நீரிழிவால் பார்வை போனது. அறுபது தாண்டிய பிறகு என்விடிஏ பழகினார். ஒருநாள் போன் எடுத்து வரச் சொன்னார். ஒரு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் வேர்ட் கோப்பு ஒன்று வந்திருக்கிறது, கணினி ஏதோ உளறுகிறது என்றார். போய் ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். "ஜே கே பீ ஓ" என்று தொடங்கி, ஆங்கில எழுத்துகளாக, ஒரு மூச்சில், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, இது என்ன பாசையில கதைக்குது? உமக்கு விளங்குதே?" என்றார். திரையைப் பார்த்தால் அழகான தமிழ்க் கடிதம்.

விஷயம் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். அது பாமினி. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஆங்கில ஜே, கே, பீ, ஓ, அதன் பின்னே ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். கண்ணுக்குப் போர்வை தெரியும். திரைவாசிப்பானுக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் சொந்த எண் கொடுக்கும் யூனிகோட் முறை 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. அப்படியிருந்தும் இலங்கையில் அச்சகம், அலுவலகம், பாடசாலை வினாத்தாள் என்று பாமினி இன்னும் உயிரோடு இருக்கிறது. பழகிய விரல் மாறாது என்பது ஒரு காரணம். பழைய கோப்பைத் திறந்து திகதியை மட்டும் மாற்றிப் புதுக் கடிதம் தயாரிக்கும் அலுவலகப் பழக்கம் இன்னொரு காரணம்.

இணையத்தில் கிடைக்கும் மாற்றி ஒன்றில் போட்டு அந்தக் கடிதத்தை யூனிகோட் ஆக்கிக் கொடுத்தேன். என்விடிஏ வாசித்தது. கூட்டம் ஒன்றுக்கு வரச் சொல்லி அழைப்பு. திகதி போய் ஒன்பது நாள். மாஸ்ரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார், "அப்ப பெட்டி இவ்வளவு நாளும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கு."

இதை ஒரு செயற்திட்டமாகப் பாருங்கள். என்விடிஏக்குத் துணைநிரல் எழுதுவது பைதானில்; அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வேர்ட் கோப்பில் எழுத்துருவின் பெயர் என்ன என்பதை என்விடிஏயால் அறிய முடியும். பாமினி என்று கண்டால், வாசிக்கும் முன் அந்தத் துண்டை யூனிகோட்டாக மாற்றிக் குரலுக்குக் கொடுத்தால் போதும். பயனர் எந்த மாற்றியையும் தேடிப் போக வேண்டியதில்லை. இதுவரை சுலபம். சிக்கல் எங்கே தொடங்கும் என்றால், மின்னஞ்சலில் ஒட்டும்போது எழுத்துருவின் பெயர் தொலைந்துவிடும். அப்போது இது ஆங்கிலமா பாமினியா என்று எழுத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் வரும், ஆகவே சொல்லுக்கு நடுவில் அரைப்புள்ளி குவிந்திருந்தால் சந்தேகப்படலாம். எத்தனை வீதம் சரியாகப் பிடிக்கிறது, தப்பாகப் பிடித்தால் ஆங்கிலக் கடிதம் தமிழ் உளறலாக மாறி என்ன கூத்து நடக்கும் என்பதை அளக்க வேண்டும். அளப்பதற்கு நிறையக் கிடக்கிறது.

அடுத்தது வருடிய, அதாவது ஸ்கேன் செய்த, நூல்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வருகிறது. 1981இல் பொது நூலகம் எரிந்த ஊரில் அதன் பெறுமதியை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வருடிய பக்கம் என்பது ஒரு படம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத் தாள். எழுத்துணரி ஒன்றைக் கொண்டு படத்திலிருந்து எழுத்தை எடுக்க வேண்டும். டெசரக்ட் என்ற திறந்த மென்பொருள் தமிழையும் ஓரளவு வாசிக்கும். புது அச்சு என்றால் தப்பில்லை. பழைய அச்சில் தடுமாறும், முக்கியமாக 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்திய ணை, லை, னை. யானையின் துதிக்கை போல மேலே சுருண்டு நிற்கும் அந்தப் பழைய ‘லை’யை உங்கள் அப்பாவின் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பழைய யாழ்ப்பாண அச்சுக்கென்று எழுத்துணரியைப் பழக்குவது முதுகலைக்கே போதுமான வேலை. இறுதியாண்டுக்கு ஒரு பத்திரிகையின் ஒரு தசாப்தத்தை எடுத்தாலே காணும்.

கண்ணுக்கு ஒன்றாகவும் காதுக்கு வேறாகவும் இருப்பவை தமிழில் இன்னும் உண்டு. ‘ஔவையார்’ என்பதை எத்தனையோ பேர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறார்கள். பார்க்க வித்தியாசம் இல்லை. குரல் ‘ஒளவையார்’ என்று, ‘ஒளி’யில் வருவது போல ஒ, ள எனப் பிரித்து வாசிக்கும். ‘கொ’ என்பதைக் கணினிக்குள் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒழுங்காக ஒருமைப்படுத்தாத மென்பொருளில் ஒரு விதத்தில் தட்டித் தேடினால் மற்ற விதத்தில் உள்ளது அகப்படாது. பார்வையுள்ளவர் கண்ணால் மேய்ந்து கண்டுபிடித்துவிடுவார். தேடல் ஒன்றையே நம்பியிருப்பவருக்கு அந்தச் சொல் கோப்பில் இல்லை.

எங்கள் ஊருக்கே உரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது, இதை வெளியூர் ஆய்வாளர் எழுதமாட்டார். ஆங்கிலத்தின் ‘டி’ ஒலிக்கு நாங்கள் ர, ற எழுதுகிறோம். ரயர், ரொபி, ரிக்கெற், இன்ரநெற். வாசிக்கும்போது எங்கள் வாய் தானாக மாற்றிக்கொள்ளும். தமிழ்நாட்டுக் குரல்களை வைத்துச் செய்த பேச்சுப் பொறிக்கு அது தெரியாது. ‘ரயர்’ என்பதை எழுதியபடியே வாசிக்கும், கேட்பவர் ஏதோ மனிதரின் பெயர் என்று நினைப்பார். சொல்லின் முதல் ‘ர’வை எல்லாம் மாற்று என்று விதி எழுதவும் முடியாது. ‘ரயில்’ உண்மையாகவே ர. ஆகவே அகராதிதான் வழி. என்விடிஏயில் உச்சரிப்பு அகராதி சேர்க்கும் வசதி உண்டு. எங்கள் பத்திரிகைகளிலிருந்து இப்படியான சொற்களைத் திரட்டி, எது ட, எது ர என்று குறித்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பது யாரும் பரிசு தரமாட்டாத வேலை. மாஸ்ரர் போன்ற ஒருவரின் காதுக்கு அது தினமும் பயன்படும்.

குரலைப் பற்றிச் சொல்லும்போது வேகத்தையும் சொல்ல வேண்டும். பழகிய திரைவாசிப்பான் பயனர் ஆங்கிலத்தை நிமிடத்துக்கு 300, 400 சொல் வேகத்தில் கேட்பார். முதல்முறை பக்கத்தில் இருந்து கேட்டபோது எனக்குத் தகர டப்பாவில் மழை பெய்வது போல இருந்தது. அந்த வேகத்துக்கு இயல்பான இனிய குரல் உதவாது, ஒன்றோடொன்று குழைந்துவிடும். பலர் இயந்திரம் போலக் கரகரக்கும் ஈஸ்பீக் குரலை வேண்டுமென்றே வைத்திருப்பது அதனால்தான். "இன்னும் இந்த ரோபோக் குரலா, பாவம்" என்று இரக்கப்பட்டுப் புதுக்குரல் போட்டுக் கொடுத்து நான் வாங்கிக் கட்டியிருக்கிறேன். இதில் தமிழுக்கென்று ஒரு கேள்வி உண்டு. எங்கள் மொழியில் படத்துக்கும் பாடத்துக்கும், கல்லுக்கும் காலுக்கும் இடையில் இருப்பது மாத்திரை, அதாவது நேரம். வேகத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்கினால் எந்த இடத்தில் குறிலும் நெடிலும் காதில் ஒன்றாகிவிடும்? படுவும் பட்டுவும் எங்கே கலக்கும்? எந்தக் குரல் பொறி கடைசி வரை தாக்குப்பிடிக்கும்? இதற்கு ஒரு மடிக்கணினி, ஒரு ஹெட்போன், பத்துப் பன்னிரண்டு பேர், நன்றாகத் தேர்ந்த சொல்லிணைகள் போதும். சுற்றுப்பலகையும் வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம். மின்வெட்டு வந்தாலும் ஓடும். என்னைக் கேட்டால் நீங்கள் எடுக்க வேண்டியது இது.

விழிப்புலனைப் பற்றியே நான் பேசிக்கொண்டிருப்பது எனக்கே தெரிகிறது. துறைக்கும் இந்தச் சாய்வு உண்டு. 1994 முதல் 2019 வரை இரண்டு முக்கிய மாநாடுகளில் வந்த அணுகல் ஆய்வுகளை எண்ணிப் பார்த்தவர்கள், அவற்றில் 40 வீதத்துக்கும் மேல் பார்வைக் குறைபாடு பற்றியவை என்று கண்டார்கள். அதனால் முதியவர்களையும் ஒருமுறை பாருங்கள். இங்கே வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். பேரப்பிள்ளையின் முகம் பார்க்க ஆச்சிக்குப் போன்தான் வழி. விரல் நடுங்கும். தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்துவிடுவார். வேறு ஏதோ திறந்துவிடும். "போன் பழுதாப் போச்சு" என்று வைத்துவிடுவார். அண்ட்ராய்டில் அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டும் அமைப்பு இருக்கிறது. வாங்கிக் கொடுத்த மகனுக்கே அது தெரியாது. சரி, தட்டச்சு வேண்டாம், பேசட்டும் என்றால், "நான் பிறகு எடுக்கிறன், இப்ப கோயிலுக்குப் போட்டு வாறன்" என்பதைக் குரலுணரி என்னவாக எழுதுகிறது என்று உங்கள் ஆச்சியின் போனிலேயே சோதித்துப் பாருங்கள். சிறிய தமிழ் எழுத்தில் புள்ளி மறைந்து ‘க்’ ‘க’ ஆகிவிடுவதும் அளக்கத் தகுந்தது. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியில் ‘பெரிய எழுத்து’ எது என்பதற்கு ரோமன் எழுத்துக்கு 18 பொயின்ற் என்ற அளவு இருக்கிறது, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துக்கு இணையான அளவு என்ற குறிப்பும் இருக்கிறது. தமிழ் அதில் இல்லை.

சட்டத்தைப் பற்றி ஆய்வறிக்கையின் முன்னுரையில் எழுத வேண்டி வரும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கட்டடங்களின் அணுகலுக்கான 2006 ஒழுங்குவிதிகள், அதே உரிமைகளுக்காக 2016இல் இலங்கை ஏற்றுறுதிப்படுத்திய ஐ.நா. உடன்படிக்கை. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்கு ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமம் இருந்தது, அதாவது 16 லட்சத்துக்கும் அதிகமானோர். இணையத்தின் நிலை தெரிய வேண்டுமானால், 2024இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதித்தபோது 95.9 வீதத்தில் வழிகாட்டியை மீறிய பிழைகள் அகப்பட்டன. இவ்வளவும் முன்னுரைக்குக் காணும். மேற்பார்வையாளருக்கும் திருப்தியாக இருக்கும்.

சோதனை செய்யும் முறையில் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். வகுப்பு நண்பர்களின் கண்ணைத் துணியால் கட்டி "விழிப்புலனற்றோரைக் கொண்டு சோதித்தோம்" என்று எழுதாதீர்கள். கண்ணைக் கட்டியவருக்குத் தெரிவதெல்லாம் பயமும் தடுமாற்றமும். முப்பது வருடம் காதால் வாழ்ந்தவரின் திறமை அவரிடம் இல்லை. அவருக்குப் பிடித்த கருவி எங்கள் அண்ணைக்குத் தொல்லையாக இருக்கும். நீங்கள் பார்த்தீர்கள்தானே, தகர வேலி. பத்துப் பேர் கிடைக்காவிட்டால் ஆறு பேர் போதும், அவர்களோடு நாலு தரம் இருங்கள். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கு முதலாம் மாதமே விண்ணப்பியுங்கள். சம்மதப் படிவத்தை அவர்களே வாசிக்கக்கூடிய வடிவில், யூனிகோட்டில், முதல் நாளே அனுப்புங்கள். பாமினியில் அனுப்பிவிடாதீர்கள். பயணக் காசும் நேரத்துக்கான கொடுப்பனவும் செலவுத் திட்டத்தில் இருக்க வேண்டும், ஒரு பிளேன்ரீயோடு அனுப்பக்கூடாது.

திரைவாசிப்பானோடு வேலை செய்பவரிடம் "செய்யும்போது நினைப்பதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று பாடப்புத்தக முறைப்படி கேட்காதீர்கள். அவருடைய காதில் ஏற்கெனவே ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. செய்து முடிக்கட்டும், பிறகு பதிவைத் திரும்ப ஓடவிட்டு ஒவ்வொரு இடமாக நிறுத்திக் கேளுங்கள். அவருக்காக வேகத்தைக் குறைக்கவும் சொல்லாதீர்கள். நீங்கள் பதிவைப் பிறகு மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

யாரிடம் போவது என்றால், கைதடியில் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலையும் சுன்னாகத்தில் விழிப்புலனற்றோருக்கான வாழ்வகமும் இருக்கின்றன. எந்த இடமானாலும் பரீட்சைக் காலத்தைத் தவிருங்கள், முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி எடுங்கள், முதல் தரம் போகும்போது கேள்விக்கொத்து எதுவும் கொண்டுபோக வேண்டாம். யாரும் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தால் பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். மேசையில் இருக்கும் எதையும் நகர்த்தாதீர்கள். தண்ணீர்ப் போத்தல் வலப்பக்கம் இருப்பது காரணத்தோடுதான். ஹெட்போனைப் பங்குபோடும் சிறு பிளக் ஒன்றைக் கஸ்தூரியார் வீதிக் கடைகளில் தேடி வாங்கிக்கொண்டு போங்கள். அவர் கேட்பதை நீங்களும் அதே நேரத்தில் கேட்கலாம்.